கதவு எண் இல்லாத படகு

நான் பயந்த சுபாவம். மருத்துவக் கல்லூரியில் மற்றவர்கள் ரத்தத்தைப் பார்த்து மயங்கி விழுந்தபோது நான் அசையவில்லை. எனக்குப் பயமெல்லாம் இருமலிடம்தான். ரத்தம் விழுந்த இடத்திலேயே கிடக்கும், துடைத்துவிடலாம். இருமல் எங்கே போய் உட்காருகிறது என்று யாருக்குத் தெரியும்? இப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, கடலோரச் சாலையை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து மதியம் வரை எனக்கு எதிரே யாராவது ஒருவர் இருமிக்கொண்டுதான் இருப்பார். மேசைக்குப் பக்கத்து ஜன்னலை யாராவது சாத்தினால் எனக்குக் கெட்ட கோபம் வரும். திறந்து வைத்தால் துறைமுகத்துக்குள் நுழையக் காத்து நிற்கும் கன்டெய்னர் லாரிகளின் புகை உள்ளே வரும். வரட்டும், புகை தொற்றாது.

எங்கள் பகுதியில் இருமல் நோய்க்குறி இல்லை, முகவரி. வடக்கிலிருந்து காற்று அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல், மேற்கிலிருந்து அடித்தால் மணலி ஆலைகளின் வாடை. "எத்தனை நாளா இருமல் இருக்கு?" என்று கேட்டால், "பொறந்ததுல இருந்து கீது மேடம்" என்று சிரிப்பார்கள். நானும் ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான், அந்தச் சிரிப்பு எனக்குப் புரியும். ஆனால் காசநோய் ஒளிந்துகொள்ள அதைவிட வசதியான இடம் கிடையாது. எல்லாரும் இருமுகிற தெருவில் எந்த இருமல் நிஜமானது என்று நான் கண்டுபிடிப்பதற்குள் அது நான்கு வீடு தாண்டியிருக்கும்.

அந்த டிரைவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். டிரைவர் என்றால் லாரி டிரைவர் இல்லை. காசிமேட்டில் விசைப்படகை ஓட்டிச் செல்பவரையும் டிரைவர் என்றுதான் சொல்வார்கள். ஒரு தடவை கடலுக்குப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துக் கரை திரும்புகிற பெரிய படகு அது, அவரோடு சேர்த்து எட்டுப் பேர். நாற்பது வயது இருக்கும் அவருக்கு. அகலமான தோள்தான், ஆனால் சட்டை அந்தத் தோளிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்ததைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. நோயைப் பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினார். ஜன்னல் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"அத மட்டும் தொடாதீங்க" என்றேன்.

திரும்பி வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "மேடம், இது வெளிய தெரியக் கூடாது. தெரிஞ்சா என்கூட எவனும் போட்ல ஏற மாட்டான். எவனும் ஏறலன்னா நான் டிரைவரு இல்ல. அவ்ளோதான் என் கத."

என் வாயிலிருந்து வராது என்று வாக்குக் கொடுத்தேன். அவர் மனைவிக்கு மட்டும் தெரியும் என்றார். காசிமேட்டு ஏலக்கூடத்துக்கு வெளியே கூடை வைத்து மீன் விற்பவர் அவர்.

அடுத்த சிக்கல் மருந்து. காசநோய் மாத்திரையை நோயாளி தினமும் சுகாதார நிலையத்துக்கு வந்து, செவிலியர் கண்ணெதிரே விழுங்க வேண்டும் என்று எங்கள் வட்டாரத்தில் அப்போது கறாராக இருந்தோம். கரையில் இருப்பவருக்கு அது சரி. கடலுக்குப் போகிறவர் ஒரு வாரம் வந்து விழுங்குவார், அப்புறம் படகு கிளம்பிவிடும். திரும்பி வரும்போது எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்படி விட்டு விட்டுச் சாப்பிட்ட ஒரு மீனவரை முந்தைய வருடம்தான் பறிகொடுத்திருந்தேன். அவருடைய கடைசி வாரத்து இருமல் எனக்கு இன்னும் கேட்கும்.

அதனால் மாதாந்திர ஆய்வுக் கூட்டத்தில் சண்டை போட்டேன். அந்தக் கூட்டங்களில் சீர்திருத்தம் என்ற சொல் டீ, பிஸ்கட்டோடு தவறாமல் வரும். யாரும் அதைக் கண்டு பதறுவதில்லை. நோயாளி மருந்தைத் தேடி வந்தது போதும், மருந்து நோயாளியோடு போகட்டும் என்றேன். கண்காணிக்காமல் எப்படிக் கொடுப்பது என்று மேலதிகாரி கேட்டார். கோபம் வந்தால் எனக்குள் ராயபுரம் எழுந்துகொள்ளும். "நடுக்கடல்ல யாரு சார் போயி முழுங்குறத பாத்துகினு கீறது?" என்று கேட்டுவிட்டேன். கூட்டம் சிரித்தது. சிரித்ததாலோ என்னவோ அனுமதி கிடைத்தது. கடலுக்குப் போகும் நோயாளிகளுக்கு, பயணம் முழுவதற்குமான மருந்தைக் கையில் கொடுத்து அனுப்பலாம், முதலில் சோதனை முறையில் என்றார்கள். நான் கொண்டுவந்த மாற்றம் என்று அன்றைக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

முதல் ஆளாக டிரைவருக்குத்தான் கொடுத்தேன். தினமும் காலையில் வெறும் வயிற்றில் நான்கு மாத்திரை, நான்கையும் ஒன்றாக. மூத்திரம் ஆரஞ்சாக, சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம்தான், பயப்பட வேண்டாம். இந்த வசனத்தை நான் தூக்கத்தில்கூடச் சொல்வேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் ஒழுங்காக வந்து அடுத்த தடவைக்கு வாங்கிப் போனார். "ஒரு நாளு கூட வுடல மேடம்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை.

இரண்டு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டவரின் சளியில் கிருமி அநேகமாக இருக்கக் கூடாது. அவர் சளியைக் கொடுத்துவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் கடலுக்குப் போய்விட்டார். முடிவு வந்தது. கிருமி அப்படியே இருந்தது.

அந்தக் காகிதத்தை மேசை மேல் வைத்துக்கொண்டு, மாத்திரையைக் கடலில் கொட்டிவிட்டாரா, இல்லை மருந்துக்கே அடங்காத கிருமியா என்று யோசித்துக்கொண்டிருந்த அதே காலையில்தான் அந்தப் பெண் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். கையில் பிளாஸ்டிக் பை, பைக்குள் ஒரு லுங்கி. அதை எடுத்து என் மேசையில் விரித்தார்.

"இத பாருங்க டாக்டரம்மா. என் வூட்டுக்காரரு லுங்கி. போன தபா கடல்ல இருந்து கொண்ணாந்த துணிய தோய்க்கும்போது பாத்தேன். ஆரஞ்சு கலர்ல கற. எவ்ளோ தேச்சும் போவல. காமாலையா?"

"கண்ணு மஞ்சளா இருந்துச்சா? சாப்பாடு எறங்குச்சா?"

"நல்லாத்தான் துண்ணாரு. கேட்டதுக்கு, போட்ல எங்க நெறைய பேருக்கு அப்டித்தான் போவுது, நீ கண்டுக்காதன்னு சொல்லிட்டு மறுபடி கெளம்பிட்டாரு. எனக்குத்தான் மனசு கேக்கல."

நிறையப் பேருக்கா? என் மனம் முதலில் தண்ணீரிடம் ஓடியது. படகில் ஏற்றிய குடிதண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது, ஏதோ ஒரு ரசாயனம், படகு முழுக்கச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கணநேரத்தில் எல்லாவற்றையும் கற்பனை செய்துவிட்டேன். எந்தப் படகு என்று கேட்டேன். அவர் சொன்னது டிரைவரின் படகு.

லுங்கியை இன்னொரு தடவை பார்த்தேன். அந்த ஆரஞ்சு நிறம் எனக்குத் தெரிந்த நிறம். தூக்கத்தில்கூடச் சொல்கிற என் வசனத்தின் நிறம்.

டிரைவர் மாத்திரையைக் கடலில் கொட்டவில்லை. பங்கு போட்டிருக்கிறார். நான்கு மாத்திரையை நான்கு பேருக்கோ, மாற்றி மாற்றி எட்டுப் பேருக்கோ. இது புரிந்தபோது விஷத் தண்ணீரே பரவாயில்லை என்று தோன்றியது. அரைகுறை அளவில் போகிற மருந்து காசநோய்க் கிருமியைக் கொல்லாது, மருந்துக்குப் பழக்கிவிடும். பழகிய கிருமி முன்னைவிடத் திமிரோடு வெளியே வரும். அப்புறம் அதை அடக்க வேறு மருந்து, நீண்ட மாதங்கள், அதுவும் எல்லாருக்கும் கேட்கும் என்று இல்லை. அந்தக் கிருமி இப்போது ஒரு மூடிய படகறைக்குள், எட்டுப் பேரின் மூச்சுக்கு நடுவே, கரையிலிருந்து கண்காணாத தூரத்தில் இருக்கிறது. நான் போராடி வாங்கிக் கொடுத்த மாத்திரையோடு.

அந்தப் பெண்ணிடம் காமாலை இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். மதியத்துக்கு மேல் காசிமேட்டுக்குப் போனேன். ஏலக்கூடத்துக்கு வெளியே டிரைவரின் மனைவியைத் தேடிப் பிடித்து, விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கத்தியைக் கழுவிக் கூடைக்குள் வைத்துவிட்டு, என்னோடு வயர்லெஸ் அறைக்கு வந்தார்.

துறைமுகத்தில் படகுகளோடு பேசுவதற்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. அதில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு காலத்தில் கடலுக்குப் போனவர்தான். படகின் பெயரைச் சொன்னதும் உதட்டைப் பிதுக்கினார்.

"அது ஆந்திரா பக்கம் தூரமா கீதும்மா. நம்ம சத்தம் அது வரைக்கும் போவாது. நடுவுல கீற போட்டுங்ககிட்ட சொன்னா, ஒன்னுகிட்ட இருந்து ஒன்னு சொல்லி வுடும். இன்னா சொல்லணும்?"

"அப்ப நடுவுல இருக்கிற எல்லாரும் கேப்பாங்களா?"

"நடுவுல கீறவன் மட்டும் இல்லம்மா. வயர்லெஸ் பொட்டி ஓடிகினு கீற போட்டு எல்லாத்துலயும் கேக்கும். கடல்ல ரகசியம் ஏது?"

டிரைவரின் மனைவி என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தார். "நீங்க வாக்குக் குடுத்தீங்க."

"குடுத்தேன்."

"டிபின்னு ஒரு தபா இந்தப் பொட்டில சொல்லிட்டா அவரு அப்புறம் எந்த போட்லயும் கால் வெக்க முடியாது. கரையில குந்திகினு இன்னா பண்ணுவாரு? அவருக்கு வேற இன்னா தெரியும்?"

நியாயம்தான். ரகசியம் காப்பது மருத்துவத்தில் சும்மா வைத்த சடங்கு இல்லை. இங்கே ஒரு ஆளின் பிழைப்பே அதில் நின்றது. காரணம் சொல்லாமல் திரும்பி வா என்று மட்டும் சொன்னால் போதாதா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். போன வேகத்தில் படகைத் திரும்பக் கூப்பிடுவது புயலுக்கும் சாவுக்கும்தானாம். காரணம் இல்லாமல் கூப்பிட்டால் எட்டுப் பேரும் தன் வீட்டில்தான் எழவு என்று நினைத்து நெஞ்சு வெடித்துப் போவார்கள்.

"அவர் பொழப்பு போயிடும்னு நீங்க பயப்படுறீங்க" என்றேன். "நான் எட்டுப் பேரும் போயிடுவாங்கன்னு பயப்படுறேன். எனக்கு நெசமாவே பயமா இருக்கு." இப்படி நான் எந்த நோயாளியின் வீட்டாரிடமும் சொன்னதில்லை. டாக்டருக்கே பயம் என்று கேட்டதும் அவர் முகம் மாறியது. நோயின் பெயரைச் சொல்லாமல் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

இரண்டு பேருமாகச் சேர்ந்து செய்தி ஒன்றைத் தயார் செய்தோம். டாக்டர் கொடுத்த மாத்திரையை டிரைவர் மட்டும் சாப்பிட வேண்டும், யாருக்கும் தரக் கூடாது, வீட்டில் எல்லாரும் நலம், ஆனாலும் படகைக் கரைக்குத் திருப்ப வேண்டும். வயர்லெஸ்காரர் அதைச் சொன்னார். இரைச்சலுக்குள் இருந்து முதல் படகு அதை வாங்கிக்கொண்டு திருப்பிச் சொன்னது. அதற்கு அப்பால் மெலிதாக இன்னொரு குரல் அதையே சொல்வது கேட்டது. அதற்கு அப்புறம் இரைச்சல்தான். நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

பதில் வந்தது. முதல் படகுக்காரர்தான் அதை எங்களுக்குச் சொன்னார், ரொம்ப நிதானமாக.

"எந்த டாக்டரு, டிபி டாக்டரான்னு கேக்குறாங்க. ஒன்னியும் பயப்பட வேணாமாம். டிபி மாத்திரைய தெனமும் கரெக்டா பங்கு போட்டுத்தான் துண்றாங்களாம். ஒரு நாளு கூட வுடலியாம். வல போட்டுட்டாங்களாம், ஐஸ் தீந்ததும் வர்றாங்களாம்."

வயர்லெஸ்காரர் என்னைப் பார்த்தார். நான் டிரைவரின் மனைவியைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "என்கிட்ட சத்தியம் வாங்கிகினு, ஊருக்கே சொல்லிகினு கீறாரு பாரு மனுசன்."

அவருக்கு அது சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். எனக்கு இல்லை. ஐஸ் தீர்வது என்றால் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல். அத்தனை நாளும் அந்த அறைக்குள் இருமலும் அரைகுறை மாத்திரையும். வயர்லெஸ்காரரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கி, பொத்தானை அழுத்தினேன். இனி எதை மறைக்க?

"நான் டாக்டர் பேசுறேன். நல்லா கேட்டுக்கங்க, அப்படியே சொல்லுங்க. நாலு மாத்திரையும் ஒரே ஆளு துண்ணாத்தான் கிருமி சாவும். பங்கு போட்டா ஒருத்தருக்கும் நல்லாவாது, கிருமிக்குத்தான் தெம்பு. அப்புறம் எந்த மருந்துக்கும் கேக்காது. ரத்தமா துப்பி சாவணும். நான் பயமுறுத்தல, எனக்கே பயமா கீது. வலைய தூக்குங்க. கரைக்கு வாங்க. எட்டுப் பேரையும் நான் பாக்கணும்."

முதல் படகு அதைத் தூரத்துப் படகுக்குச் சொன்னது. என் பயம் ஒரு ஆண் குரலில், என் வார்த்தையிலேயே கடலுக்குள் போனதைக் கேட்டேன். ரத்தமா துப்பி சாவணும் என்று அவர் சொன்ன இடத்தில் அவருடைய குரலும் கொஞ்சம் தடுமாறியது. எத்தனை படகுகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வெகுநேரம் கழித்து ஒரே வார்த்தையில் பதில் வந்தது. வர்றோம்.

மறுநாள் மாலை படகு வந்தது. எட்டுப் பேரும் இறங்காமல் ஓரமாக வரிசையாக நின்றார்கள், திட்டு வாங்கக் காத்திருக்கும் முகங்களோடு. ஆளுக்கொரு முகக்கவசம் கொடுத்துவிட்டு, அவர்கள் படுக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். டிரைவர் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு மரக்கூண்டு. நிமிர்ந்து நிற்க முடியாது. ஒருவர் கை மேல் ஒருவர் கை படாமல் எட்டுப் பேர் அங்கே படுக்க வழியில்லை. கீழே எஞ்சின் சூடு. ஒரு ஜன்னல் இருந்தது, சாரல் அடிக்கும் என்று அதைத் தார்பாய் போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே டீசலும் மீனும் பழைய மூச்சும் சேர்ந்த வாடை. நான் தலையை மட்டும் நீட்டிப் பார்த்துவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். உள்ளே போயிருக்க வேண்டும். கால் வரவில்லை.

"மொத தபா மாத்திரையோட போனப்பவே ரத்தமா துப்பிட்டேன் மேடம்" என்றார் டிரைவர். "இந்தக் கூண்டுல எத்த மறைக்கிறது? சொல்லிட்டேன். எறக்கி வுட்டுடுவாங்கன்னுதான் நெனச்சேன்."

லுங்கிக்காரர், அதாவது லுங்கியோடு வந்த பெண்ணின் கணவர், படகில் சமையலும் பார்ப்பவர், குறுக்கே பேசினார். "மீனுல பங்கு, சோத்துல பங்கு, இருமல்லயும் பங்கு. மாத்திரைய மட்டும் நீ தனியா துண்ணுவியான்னு நான்தான் கேட்டேன் டாக்டரம்மா. அவருக்கு நல்லாயி எங்களுக்கு வந்துச்சுன்னா, மறுபடி எங்ககிட்ட இருந்து அவருக்குத்தானே வரும்? அதான் எல்லாரும் துண்ணோம்."

அவர்கள் செய்ததில் துளி சுயநலம் இருந்திருந்தாலும் வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பேன். அவர் சொன்ன கணக்கில் பாதி சரியாகவும் இருந்தது. நோய் எப்படிப் பரவும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மருந்து அப்படிப் பரவாது என்பதுதான் தெரியவில்லை. அந்த ஒரு வரியை நான் யாருக்கும் சொன்னதில்லை. மாத்திரையைப் பங்கு போடுவார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லையே.

காற்று என் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்றுகொண்டு, எட்டுப் பேரையும் படகு ஓரத்தில் வைத்தே டப்பாவுக்குள் காறித் துப்பச் சொன்னேன். மறுநாள் மாதிரிகளை அனுப்பும்போது ஆய்வகத்தோடு தொடர்புடைய அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞர் போன் செய்தார். மரியாதையான பையன், அவர் மேல் குற்றம் இல்லை. நோயாளியின் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் உடனடிப் பரிசோதனை, இவர்கள் எட்டு வேறு விலாசத்தில் இருக்கிறார்களே என்றார்.

"இவங்க எல்லாரும் ஒரே வீடு. படகுதான் வீடு" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல வீட்டுக் கதவு எண் கேக்குது மேடம். படகுக்கு என்ன போடட்டும்?"

நான் கத்தியதில் செவிலியர் ஓடி வந்துவிட்டார். வீடு வீடாகப் போகிறோம், வீட்டு வாசலுக்கே வருகிறோம் என்று எத்தனை திட்டம். எல்லாம் கதவு உள்ளவர்கள் கதவு உள்ளவர்களுக்காகப் போட்டவை. நான் சண்டை போட்டு வாங்கிய சின்ன மாற்றமும் அப்படித்தான். மருந்தைப் படகில் ஏற்றினேன், படகுக்குள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஒரு நாள்கூட ஏறிப் பார்க்கவில்லை. கடைசியில் அந்தப் பையனே என் சுகாதார நிலையத்தின் கதவு எண்ணைப் படகுக்குப் போட்டுக்கொண்டார்.

முடிவு வரும்வரை என் வீட்டில் நான் தனி அறையில் படுத்தேன். மகளைப் பக்கத்தில் விடவில்லை. தொண்டையில் லேசாகக் கரகரத்தாலே போதும், அந்தக் கூண்டுக்குள் தலையை நீட்டியது நினைவுக்கு வந்து உடம்பு சில்லிடும். ஒரு தடவை தலையை நீட்டியதற்கே எனக்கு இப்படி என்றால், வருடக்கணக்கில் அதில் படுத்தவர்கள் என்ன ஆவார்கள் என்று நினைப்பேன். நினைத்தால் தூக்கம் போய்விடும்.

முடிவு வந்தது. டிரைவருக்கு அதே கிருமி, நல்லவேளையாக இன்னும் மருந்துக்கு அடங்கும் கிருமி. வலை இழுப்பவர் ஒருவருக்குப் புதிதாகக் காசநோய், அதுவும் அடங்கும். ஐந்து பேருக்கு இல்லை. லுங்கிக்காரருக்கு இருந்தது, வழக்கமான மாத்திரைக்கு அடங்காத வகை. அது பங்கு போட்டதால் வந்ததா, முன்பே எங்கிருந்தோ வாங்கி வந்ததா என்று எந்தப் பரிசோதனையாலும் இனிச் சொல்ல முடியாது. அவர் மனைவி மறுபடி வந்து எதிரே உட்கார்ந்தபோது அவர் கையில் பை இல்லை. காமாலையா என்று கேட்டவரிடம், காமாலையாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. வேறு மாத்திரை, பல மாதம், கடலுக்குப் போகக் கூடாது என்று மட்டும் சொன்னேன். அவர் பிழைப்பாரா என்று கேட்டார். பிழைப்பார் என்றேன். சொல்லும்போது எனக்கு அது உறுதியாகத் தெரியாது.

கொஞ்ச நாளில் மீன்பிடித் தடைக்காலம் வந்தது. படகுகள் எல்லாம் கரையில் நின்ற அந்த மாதங்களில் டிரைவரும் வலை இழுப்பவரும் தினமும் காலையில் வந்து செவிலியர் முன்னால் நான்கு மாத்திரையையும் விழுங்கினார்கள். இரண்டு பேரின் சளியும் சுத்தமானது. லுங்கிக்காரர் இளைத்துக் கறுத்துப் போனார். காது இரைகிறது, வாந்தி வருகிறது என்றார். ஆனாலும் ஒரு வேளை விடவில்லை. தடைக்காலம் முடிந்து படகு கிளம்பியபோது அவர் மட்டும் கரையில் நின்றார். படகில் இந்தத் தடவை ஆளுக்கு ஒரு டப்பா. நோய் உள்ள இருவருக்கும் அவரவர் மருந்து, மற்றவர்களுக்கு நோய் வராமல் தடுக்கும் மருந்து. ஜன்னல் தார்பாயைப் பிரிக்கச் சொன்னேன். என் எதிரிலேயே டிரைவர் அதைக் கத்தியால் அறுத்துக் கீழே போட்டார்.

தினமும் சாயங்காலம் மாத்திரை போட்டதை வயர்லெஸ்ஸில் சொல்கிறோம் என்றதும் அவர்கள்தான். நடுக்கடலில் யார் பார்த்துக்கொண்டு இருப்பது என்று கூட்டத்தில் நான் கேட்ட கேள்விக்கு, ஊரே கேட்கட்டும் என்பது அவர்கள் பதில். முதல் இரண்டு நாள் எனக்கு வேலை முடியவில்லை. மூன்றாம் நாள் வெளிச்சம் இருக்கும்போதே வயர்லெஸ் அறைக்குப் போய்விட்டேன். லுங்கிக்காரர் எனக்கு முன்பே வந்து, முகக்கவசத்தோடு அறைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். தன் படகின் சத்தத்தைக் கேட்க அவரும் தினமும் வருகிறாராம்.

படகு இன்னும் பக்கத்தில்தான் இருந்தது. நான் வந்திருப்பதை வயர்லெஸ்காரர் சொன்னதும் டிரைவரின் குரல் நேராகவே வந்தது. "மேடம், ஏழு பேரும் போட்டாச்சு. தனித்தனியாத்தான்." பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. வெளியே லுங்கிக்காரரும் சிரித்தார். பல மாதங்களில் முதல் முறையாக என் தோள் தளர்ந்தது. நல்லது, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அப்போது பெட்டியில் வேறு குரல் வந்தது. எனக்குத் தெரியாத குரல்.

"டாக்டரம்மா கீறாங்களா? நாங்க வேற போட்டு. அன்னிக்கு நீங்க பேசுனத கேட்டோம். எங்க போட்லயும் ஒருத்தரு ரொம்ப நாளா இருமிகினு கீறாரு. இப்ப ரத்தம் வருது. எங்க இட்டாரணும்?"

நான் பதில் சொல்வதற்குள் இன்னொரு குரல். "எங்க போட்ல ரெண்டு பேரும்மா." அதற்குப் பின்னால் தூரத்திலிருந்து, யாருக்கோ வழிவிடச் சொல்லி ஒரு குரல். "அண்ணே, கொஞ்சம் இரு. நாங்களும் சொல்லணும்."

வயர்லெஸ்காரர் என் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே லுங்கிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு நின்றார். அவருக்கு அப்பால் கடல், அதில் எத்தனை படகுகள், எத்தனை தார்பாய் கட்டிய ஜன்னல்கள். அதுவரை நான் ஒரே ஒரு படகுக்காகத்தான் பயந்துகொண்டிருந்தேன். மறுபடி உட்கார்ந்து பொத்தானை அழுத்தினேன்.

"இங்கதான் இருக்கேன்" என்றேன். "ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

விரலை எடுத்ததும் எல்லாரும் ஒன்றாகப் பேசினார்கள்.